லேக்கர்ஸின் சென்டர் நாற்காலி: எய்ட்டனா, கெஸ்லரா, லோபஸா?

நாளை அதிகாலை மூன்றரை மணிக்கு என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை அணிகள் பேசி எடுக்கும் சந்தை, தொடங்குகிறது. நியூயார்க்கில் அப்போது ஜூன் 30 மாலை ஆறு மணி. இங்கே நமக்கு 2025 ஜூலை 1, இன்னும் விடிந்திருக்காது. லேக்கர்ஸ் ரசிகர்கள் நாங்கள் இரண்டு மாதமாக ஒரே கேள்வியோடுதான் தூங்கி எழுகிறோம்: சென்டருக்கு, அதாவது வளையத்துக்கு அடியில் காவல் நிற்கும் உயரமான ஆளின் இடத்துக்கு, யார்? சென்டர் தேடுவதுதான் இந்தக் கோடையின் முக்கியமான வேலை என்று ஜெனரல் மேனேஜர் ராப் பெலிங்காவே சீசன் முடிந்ததும் ஒப்புக்கொண்டார். ஆள் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. யார், என்ன விலைக்கு என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஆண்ட்ரே எய்ட்டனை எடுக்க வேண்டும், ஆனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் அவருக்குக் கொட்டக் கூடாது. யூட்டாவின் வாக்கர் கெஸ்லருக்காக 2031 டிராஃப்ட் தேர்வை (புது ஆட்டக்காரரை எடுக்கும் உரிமை) பத்திரமாக வைத்துக்கொண்டு, ட்ரேடில் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி வாய்ப்பான பிப்ரவரி வரை பொறுத்திருக்க வேண்டும். ப்ரூக் லோபஸ் எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர். அவரை விட்டுவிட வேண்டும். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல, மே 1 காலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மே தின விடுமுறை. நண்பன் வீட்டு ஹாலில் நாலு பேர், கையில் காபி, முன்னால் டி.வி. மினசோட்டாவோடு பிளேஆஃபின் முதல் சுற்று, ஐந்தாவது ஆட்டம். தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்தோம். அன்றைக்கு மினசோட்டா மூன்று புள்ளிக்கு 47 முறை எறிந்தது, விழுந்தது 7. பிளேஆஃபில் ஓர் அணி இப்படி எறிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் 103-96 என்று ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது அவர்கள். அவர்கள் சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் பந்தைக் கைப்பற்றுவது).

அந்த 24-ஐ எண்ணாக மட்டும் பார்த்தால் வலி தெரியாது. அவர்களின் எட்வர்ட்ஸ் எறிகிறார், பந்து வளையத்தின் பின் விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது. நம் ஹச்சிமுரா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்: முதுகைத் திருப்பி, இடுப்பைத் தாழ்த்தி, கோபேரின் தொடையில் முட்டுக்கொடுத்து நிற்கிறார். நான் காலேஜில் ஆடியபோது எங்கள் கோச் தொண்டை கிழியக் கத்துவார்: "மொதல்ல ஆளப் புடி, அப்புறம் பந்தப் புடி!" ஹச்சிமுரா ஆளைப் பிடித்துத்தான் இருந்தார். ஆனால் ஆறடி எட்டங்குல ஆள் ஏழடி ஓரங்குல ஆளைப் பிடித்து வைத்தால், காலைத்தான் பிடிக்கலாம், கையை அல்ல. கோபேர் இருந்த இடத்திலிருந்தே ஒற்றைக் கையை நீட்டி, ஹச்சிமுராவின் தலைக்கு மேலே பந்தைத் தட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். உடனே அடுத்த ஷாட். தவறினால் அதற்கும் அடுத்தது. எதிரி நாற்பது முறை தவறவிட்டும் நமக்குப் பயனில்லாமல் போனதற்குக் காரணம் இந்த இரண்டாவது ஷாட்தான். என் அளவுகோலும் அதுதான். வரப்போகும் சென்டர் எதிரியின் இரண்டாவது ஷாட்டை நிறுத்துவாரா? நமக்கு ஓர் இரண்டாவது ஷாட்டைத் தருவாரா?

நான்காவது ஆட்டம்

அதற்கு மூன்று நாள் முன்பு நடந்த நான்காவது ஆட்டத்தை இன்னும் சிலர் நம் கோச் ரெடிக்கின் பிழை என்றே பேசுகிறார்கள். இரண்டாம் பாதி முழுக்க, 24 நிமிடமும், ஜே.ஜே. ரெடிக் ஒரே ஐந்து பேரை ஆட வைத்தார்: லூகா டோன்சிச், லெப்ரான், ரீவ்ஸ், ஹச்சிமுரா, ஃபின்னி-ஸ்மித். ஒரு மாற்றம்கூட இல்லை. மூன்றாவது குவார்ட்டர் முடிவில் 94-84 என்று பத்து புள்ளி முன்னிலை. நான்காவதில் நாம் 19, அவர்கள் 32. 116-113 என்று கைநழுவியது. நாற்பது வயது லெப்ரான் அந்தக் கடைசி குவார்ட்டரில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கால் எழவில்லை, அவ்வளவுதான். எட்வர்ட்ஸ் 43.

ரெடிக்கைத் திட்டுவது சுலபம். ஆனால் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் அவருக்கு யார் இருந்தார்கள்? முதல் நான்கு ஆட்டங்களைத் தொடங்கி வைத்த ஜாக்ஸன் ஹேஸுக்கு அந்தத் தொடரில் சராசரியாகப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஹேஸ் துள்ளலான பையன், சீசனில் லூகாவின் பந்தை வாங்கி எத்தனையோ டங்க் போட்டவர். பிளேஆஃபில் கோபேரும் ரேண்டிலும் மோதியபோது நிற்க முடியவில்லை. அலெக்ஸ் லென் பக்கம் கோச் திரும்பவே இல்லை. நம்பி இறக்க ஒரு சென்டர் இல்லாததால் ஃபின்னி-ஸ்மித் சென்டர் ஆனார். ஃபின்னி-ஸ்மித் உள்ளே போனதால் வெளியே எட்வர்ட்ஸை மறிக்கும் வேலை கால் ஓய்ந்தவர்கள் தலையில் விழுந்தது. ஓர் ஓட்டை, ஐந்து இடத்திலும் ஒழுகியது.

இந்த ஓட்டை எப்படி விழுந்தது என்பது தெரிந்த கதைதான். பிப்ரவரியில் ஆன்டனி டேவிஸையும் மாக்ஸ் கிறிஸ்டியையும் 2029 முதல் சுற்றுத் தேர்வையும் டல்லாஸுக்குக் கொடுத்து லூகாவை வாங்கினோம். 25 வயதில் அப்படி ஓர் ஆட்டக்காரர் கிடைத்தால் யாரும் வாங்குவார்கள். ஆனால் அணியின் ஒரே பெரிய ஆள் போய்விட்டார். உடனே சார்லட்டின் மார்க் வில்லியம்ஸுக்காக டால்ட்டன் நெக்ட், கேம் ரெட்டிஷ், 2031 தேர்வு, 2030 தேர்வு மாற்று (இரு அணிகளின் தேர்வுகளை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை) எல்லாவற்றையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று பிப்ரவரி 8-ஆம் தேதி அந்த ட்ரேடையே ரத்து செய்தார்கள். கடந்த வாரம் டிராஃப்ட் இரவில் வில்லியம்ஸ் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டார். டேவிஸ் போன பின் சரியான சென்டர் இல்லாமலேயே சீசனை 50 வெற்றியோடு முடித்து மேற்குப் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தோம் என்பது லூகா, லெப்ரான், ரீவ்ஸ் மூவரின் உழைப்பு. ஏப்ரலில் கணக்குத் தீர்ந்தது.

லூகாவுக்கு எந்த மாதிரி சென்டர்?

ரீபவுண்ட் பாதிக் காரணம்தான். மறுபாதி லூகாவின் பிக் அண்ட் ரோல். அதை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சென்டர் மேலே வந்து லூகாவைக் காப்பவனுக்குக் குறுக்கே நிற்கிறார், இதுதான் ஸ்கிரீன். லூகா அவர் தோளை உரசிக்கொண்டு உள்ளே நுழைகிறார், காப்பவன் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறான். லூகா ஓடமாட்டார். இடுப்பால் அவனைப் பின்னாலேயே அடைத்துவைத்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் வளையத்தை ஒட்டிய பெயின்ட் பகுதிக்குள் வருவார். இப்போது கோபேர் தனியாக இரண்டு பேருக்கு நடுவே நிற்கிறார். லூகா மேல் பாய்ந்தால், வளையத்தை நோக்கி உருண்டு ஓடும் சென்டருக்கு மேலே தூக்கிப் போடும் ஒரு லாப், டங்க். பின்வாங்கினால் லூகாவின் ஃப்ளோட்டர், மிதந்து விழும் சின்ன ஷாட். கோபேர் ஒரு நொடி தயங்குவதிலேயே லூகாவுக்கு இரண்டு புள்ளி கிடைத்துவிடும். 2024-இல் டல்லாஸ் இதே மினசோட்டாவை மேற்கு இறுதிச் சுற்றில் 4-1 என்று வீழ்த்தியது இப்படித்தான். உருண்டு ஓடியவர்கள் டெரிக் லைவ்லியும் டேனியல் கேஃபர்டும். ஒருவர் கத்துக்குட்டி, இன்னொருவர் அந்த பிப்ரவரியில்தான் வாஷிங்டனிலிருந்து வந்தவர். இருவரும் நட்சத்திரங்கள் அல்ல. ஓடினார்கள், தாவினார்கள், பிடித்தார்கள்.

இந்த ஏப்ரலில் அந்த இடத்தில் ஃபின்னி-ஸ்மித் வந்து ஸ்கிரீன் போட்டார். அவர் வளையத்துக்கு ஓடுபவர் அல்ல, வெளியே நின்று எறிபவர். மினசோட்டா பேசாமல் ஆளை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் லூகா ஒரு புதிய, நீளக் கை ஆளுக்கு எதிரே ஒண்டியாக நின்று, பின்னால் அடி வைத்து ஸ்டெப்-பேக் எறிய வேண்டியதாயிற்று. நான்காவது குவார்ட்டரில் 19 புள்ளி என்றால் அதன் பொருள் இதுதான்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பள்ளியில் பி.டி. வாத்தியார், நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர் இதற்கெல்லாம் தலையாட்ட மாட்டார். "சென்டர் சென்டர்னு ஏண்டா அழறீங்க? வாசக் கதவத் தெறந்து போட்டுட்டு பூஜ ரூமுக்குப் பூட்டு போட்டு என்ன பிரயோஜனம்?" என்பார். முதல் ஆட்டத்தில் மினசோட்டாவின் மெக்டேனியல்ஸ் 25, மூன்றாவதில் 30, எட்வர்ட்ஸைச் சொல்லவே வேண்டாம். முன்வரிசையில் பந்தோடு வருபவனை மறிக்க நம்மிடம் ஆள் இல்லை. லூகாவும் ரீவ்ஸும் பக்கவாட்டில் வேகமாக நகர்கிறவர்கள் அல்ல. "அண்ணே, பூஜ ரூமும் தொறந்துதானே கெடக்கு?" என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு அவரால் வந்தது.

பணக் கணக்கு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நேற்று லெப்ரான் தன் ஒப்பந்தத்தில் அவர் விருப்பத்துக்கு விட்டிருந்த 5.26 கோடி டாலர் ஆண்டை எடுத்துக்கொண்டார். ஃபின்னி-ஸ்மித் தன் 1.54 கோடி டாலர் ஆண்டை வேண்டாம் என்று சந்தைக்குப் போகிறார். அவரைத் திரும்ப எடுத்தால் சம்பளப் பட்டியல் ஏறக்குறைய முதல் ஏப்ரன் என்ற லீகின் சம்பள வரம்பை, அதாவது 19.59 கோடி டாலரை, முட்டும். அப்போது சென்டருக்கு மிஞ்சுவது வரி கட்டும் அணிகளுக்கான 57 லட்சம் டாலர் சலுகை அல்லது அதற்கும் கீழே. அவர் போனால் முழு மிட் லெவல் என்ற பெரிய சலுகைத் தொகை, 1.41 கோடி டாலர், நம் கைக்கு வரும். அதைத் தொட்டால் சீசன் முழுக்க அந்த ஏப்ரனைத் தாண்ட முடியாது.

ட்ரேட் என்றால் ஹச்சிமுரா (1.83 கோடி), கேப் வின்சென்ட் (1.15 கோடி), மாக்ஸி க்ளீபர் (1.1 கோடி) ஆகிய மூன்று ஒப்பந்தங்களும் அடுத்த கோடையில் முடிகின்றன. சம்பளம் பொருத்தப் பயன்படும். கொடுக்கக்கூடிய முதல் சுற்றுத் தேர்வு ஒன்றே ஒன்று, 2031 அல்லது 2032. 2027-ஐ யூட்டாவுக்கும் 2029-ஐ டல்லாஸுக்கும் கொடுத்தாயிற்று. வேண்டுமானால் சில தேர்வு மாற்றுகளைக் கூடச் சேர்க்கலாம்.

ஃபின்னி-ஸ்மித்தை இழப்பது எனக்கு உறுத்துகிறது. லூகாவின் டல்லாஸ் காலத்து நண்பர். அவர் களத்தில் இருந்தபோதெல்லாம் அணி ஒழுங்காக மூச்சு விட்டது. ஆனால் 32 வயது விங் (பக்கவாட்டில் ஆடும்) ஆட்டக்காரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு மறுபடியும் அவரையே கோபேர் முன் நிறுத்துவது அவருக்கே செய்யும் அநியாயம். பெரிய ஆள் யாரையும் எடுக்காமல் அவரைத் தக்கவைத்து, இதே குட்டை ஐவரோடு போகலாம் என்ற வழிக்கு நான்காவது ஆட்டமே பதில் சொல்லிவிட்டது. அதை மறுபடி பேச வேண்டாம்.

லோபஸும் கப்பெலாவும்

ப்ரூக் லோபஸ் பெயரைச் சொன்னதும் என் நண்பன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். "மச்சான், எண்பது ஆட்டம்டா! 37 பர்சன்ட் த்ரீ!" உண்மை. ஏழடிக்கு மேல் உயரம், கடந்த சீசனில் மில்வாக்கிக்கு 80 ஆட்டம், சராசரி 13 புள்ளி, கிட்டத்தட்ட இரண்டு பிளாக், மூன்று புள்ளியில் 37 சதவீதம். 2021 சாம்பியன். 2017-18இல் நம் ஜெர்சியையே போட்டவர். லெப்ரான் உள்ளே நுழையும்போது லோபஸ் மூலையில் நின்றால் கோபேர் வெளியே வந்தே ஆக வேண்டும். களத்தில் இடம் திறக்கும். இந்த வாதம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் அவருடைய ரீபவுண்ட் சராசரி 5. ஏழடி ஆளுக்கு ஐந்து. லோபஸ் ஆளைத் தடுத்து வைத்து மற்றவர்கள் பந்தை எடுக்க வழி விடுபவர் என்பார்கள், அது சரிதான். மில்வாக்கியில் அந்த மற்றவர் யானிஸ். இங்கே அந்த மற்றவர் லெப்ரான், டிசம்பரில் 41 வயது. இன்னொன்று, லோபஸ் லாப் பிடிக்க மேலே தாவுபவர் அல்ல. லூகாவின் பிக் அண்ட் ரோலில் அவரும் வெளியே நகர்ந்து எறிபவர்தான். உயரமான ஃபின்னி-ஸ்மித் என்று வைத்துக்கொள்ளலாம். 37 வயது வேறு. இண்டியானா வேகமாக ஓடிய முதல் சுற்றில் அவருக்கான நிமிடங்கள் சுருங்கிப்போனதை எல்லாரும் பார்த்தோம். ரெகுலர் சீசனில் நாலு வெற்றி கூடுதலாகத் தருவார். ஏப்ரலில் நம்மை எது கொன்றதோ அதை அவர் தொடமாட்டார்.

கிளின்ட் கப்பெலா நேர் எதிர். எறியவே மாட்டார், ஓடுவார், தாவுவார், பந்தை எடுப்பார். ஹார்டனோடு ஹூஸ்டனில் 2017-18இல் 65 ஆட்டம் ஜெயித்த அணியின் சென்டர். அந்த சீசனில் லீகிலேயே அதிக ஃபீல்ட் கோல் சதவீதம் அவருடையது. 2020-21இல் அட்லாண்டாவில் சராசரி 14.3 ரீபவுண்டோடு முதலிடம். ஐந்து வருடம் முன்பென்றால் லூகாவுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் இல்லை. இப்போது 31 வயது. ஜனவரியில் தொடக்க இடத்தை ஒகோங்வுவிடம் இழந்தார், மார்ச்சில் கையில் தசைநார் கிழிந்தது. 60, 70 லட்சத்துக்குக் கிடைத்தால் எய்ட்டன் கிடைக்காத நிலையில் இரண்டாவது தெரிவு இவர்தான், லோபஸ் அல்ல. இந்த வரிசையில்தான் என் நண்பனோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை.

கெஸ்லர்

ஆசை என்று கேட்டால் வாக்கர் கெஸ்லர். 23 வயது, ஏழடிக்கு மேல். கடந்த சீசனில் 12.2 ரீபவுண்ட், 2.4 பிளாக், 66 சதவீத ஷாட். நான் சொன்ன இரண்டாவது ஷாட் கணக்கில் இந்தப் பட்டியலில் யாரும் அவர் பக்கத்தில் வரமுடியாது. எதிரியின் வளையத்தின் கீழே ரீபவுண்ட் எடுப்பதில் லீகிலேயே முன்னணியில் இருந்தவர். கூடவே ஒரு விஷயம்: 2022-இல் கோபேரை மினசோட்டாவுக்கு விற்றபோது யூட்டா வாங்கிய பட்டியலில் ஒருவர் இவர். கோபேரிடம் அடிவாங்கிய அணி கோபேருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவரைத் தேடுகிறது.

அவருடைய சம்பளம் வரும் சீசனில் 50 லட்சம் டாலருக்கும் கீழே. எனவே சம்பளம் பொருத்துவது சிரமமே இல்லை, நெக்டையும் ஒரு சிறிய ஒப்பந்தத்தையும் சேர்த்தால் போதும். சிக்கல் விலை. யூட்டா குறைந்தது இரண்டு முதல் சுற்றுத் தேர்வாவது கேட்கும் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். நம்மிடம் இருப்பது ஒன்று. யூட்டா நிர்வாகி டேனி எய்ஞ் இருக்கும் இடத்தில் அவசரமாகப் போய்க் கதவைத் தட்டினால் வீட்டையே எழுதிக் கேட்பார்கள்.

"2031-ஐக் கொடுத்துத் தொலைங்கடா, லூகா இருக்கும்போதே ஜெயிக்க வேண்டாமா?" என்பவர்களோடு எனக்கு ஒப்புதல்தான், ஒரு நிபந்தனையோடு. 2031-இல் லூகாவுக்கு 32 வயது, லெப்ரான் இருக்கமாட்டார். அந்தத் தேர்வு நம்மிடம் உள்ள ஒரே பெரிய காசு. அதை ஜூலையில் சந்தை சூடாக இருக்கும்போது போட்டால் பாதி ஆள்தான் கிடைப்பான். யூட்டா சீசன் தொடங்கிப் பத்து ஆட்டம் ஜெயித்து நாற்பது தோற்ற பின், கெஸ்லரின் அடுத்த ஒப்பந்தம் பற்றிய பேச்சு முற்றிய பின், பிப்ரவரியில் அதே காசுக்கு முழு ஆளும் கிடைக்கலாம். அதுவரை ஒரு நல்ல சென்டரோடு சமாளிக்க வேண்டும். அந்த ஆள்தான் எய்ட்டன்.

எய்ட்டன்: ஆசையும் பயமும்

நேற்று தன் அணியான போர்ட்லாந்தோடு எய்ட்டன் பை-அவுட் பேசி முடித்தார். 3.56 கோடி டாலர் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வருகிறார். மீதியைப் போர்ட்லாந்து கொடுக்கும். அதனால் புது அணி அவருக்குச் சந்தை விலை கொடுக்க வேண்டியதில்லை. 26 வயது, வரும் மாதம் 27. ஏழடி. கடந்த சீசனில் 40 ஆட்டத்தில் 14.4 புள்ளி, 10.2 ரீபவுண்ட், பிறகு கெண்டைக்கால் காயம். 2018 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் லூகா. இருவருக்கும் ஏஜென்ட் ஒருவரே, பில் டஃபி. ஏழு வருடம் கழித்து அந்த டிராஃப்டின் முதலும் மூன்றும் ஒரே ஜெர்சியில் ஆடுவது எனக்கு ஒரு நல்ல கதையாகப் படுகிறது. ஆனால் கதைக்காக நான் அவரைச் சொல்லவில்லை.

2021 பிளேஆஃபைப் பாருங்கள், அப்போது அவர் ஃபீனிக்ஸில். கிறிஸ் பால் பந்தைக் கையில் வைத்திருக்க, எய்ட்டன் ஸ்கிரீன் போட்டு உள்ளே ஓடினார், சுமார் 66 சதவீத ஷாட், ஆட்டத்துக்குப் பன்னிரண்டு ரீபவுண்டை நெருங்கிய சராசரி. கிளிப்பர்ஸோடு இரண்டாவது ஆட்டத்தில் 0.9 நொடி பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கல். ஜே கிரவுடர் கோட்டுக்கு வெளியிலிருந்து வளையத்துக்கு நேர் மேலே பந்தைத் தூக்கிப் போட, எய்ட்டன் எழும்பி அப்படியே உள்ளே திணித்தார். 104-103. தன்னை நம்பிப் பந்து தருபவர் பக்கத்தில் இருந்தபோது அவர் எப்படிப்பட்ட சென்டர் என்பதற்கு அந்த இரண்டு மாதமே சாட்சி. என்.பி.ஏ. இறுதிச் சுற்று வரை போனார். போர்ட்லாந்தில் இரண்டு வருடம் அவருக்குப் பந்து தந்தவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள். லூகா தருவது வேறு தரம்.

பயத்தையும் மறைக்கக் கூடாது. அடுத்த வருடமே, 2022 மே மாதம், இரண்டாவது சுற்றின் ஏழாவது ஆட்டம், சொந்த ஊரில், எதிரே லூகாவின் டல்லாஸ். லூகா 35 புள்ளி எடுக்க ஃபீனிக்ஸ் 123-90 என்று நொறுங்கியது. எய்ட்டன் ஆடியது 17 நிமிடம், எடுத்தது 5 புள்ளி. ஏன் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டதற்கு கோச் மான்ட்டி வில்லியம்ஸ் அது உள் விவகாரம் என்று மட்டும் சொன்னார். அந்த நிழல் எய்ட்டனை விட்டு இன்னும் போகவில்லை. மனம் இருந்தால் ஆடுவார், இல்லாவிட்டால் ஆடமாட்டார் என்ற பெயர். ஸ்கிரீனில் இடியாக நிற்காமல் நழுவுவார். வளையம் வரை உருளாமல் பாதியில் நின்று பத்தடியிலிருந்து மெத்தென்று ஒரு ஷாட் போடுவார். ஏழடி உடம்போடு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஆட்டத்துக்கு மூன்று முறைகூடப் போகாதவர். எதிரி ஷாட்டைத் தடுப்பதிலும் கெஸ்லர் தரம் இல்லை, சராசரி ஒரு பிளாக்தான்.

இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன், இந்த விலைக்கு இவரே சரி. பத்து ரீபவுண்ட் மனம் இல்லாத சீசனிலும் எடுத்தவர். கோபேர் பக்கத்தில் அதே உயரத்தில் ஓர் உடம்பு நின்றால் அந்த 24, 15 ஆகும். அந்த ஒன்பதில்தான் ஐந்தாவது ஆட்டம் இருந்தது. லாப் பிடிக்கும் கைகள் அவருக்கு உண்டு, மென்மையான, நழுவவிடாத கைகள். பாதியில் நிற்கும் பழக்கத்தை உடைக்க லூகாவால் முடியும், ஏனென்றால் லூகா பந்தை வளையத்துக்கு மேலேதான் போடுவார், பத்தடியில் நிற்பவருக்கு அது வந்து சேராது. பொருந்தாமல் போனால்? ஒன்று அல்லது இரண்டு வருடச் சிறிய ஒப்பந்தம். பிப்ரவரியில் 2031 தேர்வு நம் கையில் அப்படியே இருக்கும். லோபஸுக்கு முழு மிட் லெவலைக் கொடுத்துவிட்டாலோ, கெஸ்லருக்கு அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாலோ இந்த இரண்டாவது வாய்ப்பு இருக்காது.

எவ்வளவு கொடுக்கலாம்? என் கணக்கில் 80, 85 லட்சம் டாலர். மீதி 55, 60 லட்சத்தில் அண்ணன் சொன்ன வாசல் கதவு: பக்கவாட்டில் நகரக்கூடிய, மூலையிலிருந்து எறியத் தெரிந்த, முப்பது வயதுக்குக் கீழே ஒரு விங்.

மேற்கில் நம் இடம்

இவ்வளவும் நடந்தால் எவ்வளவு தூரம் போவோம்? ஓக்லஹோமா 68 ஆட்டம் ஜெயித்துச் சாம்பியன் ஆகியிருக்கிறது. அவர்களிடம் ஹார்ட்டன்ஸ்டைன், ஹோம்க்ரன் என்று இரண்டு உயரம். ஹூஸ்டன் ஷெங்குனையும் ஸ்டீவன் ஆடம்ஸையும் ஒன்றாக இறக்கி கோல்டன் ஸ்டேட்டை ஏழு ஆட்டம் வரை இழுத்தது. இப்போது அவர்களோடு டுரான்ட் வேறு. டென்வரில் யோகிச். டல்லாஸில் நம் டேவிஸ், லைவ்லி, கேஃபர்ட், புதிதாக கூப்பர் ஃபிளாக். சான் ஆன்டோனியோவில் வெம்பன்யாமா. மினசோட்டா எங்கும் போகவில்லை. மேற்கு முழுக்கப் பெரிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கூட்டத்தில் சென்டர் இல்லாமல் போனால் ஆறாவது, ஏழாவது இடத்துக்குத்தான் மல்லுக்கட்டுவோம். எய்ட்டனும் ஒரு நல்ல விங்கும் வந்தால் மூன்று முதல் ஐந்துக்குள், ஒரு சுற்று ஜெயிக்கிற அணி. பிப்ரவரியில் கெஸ்லரும் வந்தால் ஓக்லஹோமாவை ஏழு ஆட்டம் வரை இழுக்கலாம் என்று நம்புகிறேன். அதற்கு மேல் இப்போது சொல்வது ஆசை.

இன்னொரு தேதியும் இருக்கிறது, ஆகஸ்ட் 2. அன்றிலிருந்து லூகா புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். அதற்கு முன் பெலிங்கா என்ன செய்கிறார் என்று லூகா பார்த்துக்கொண்டிருப்பார்.

நாளை அதிகாலைக்கு நாலு பேரும் அலாரம் வைத்திருக்கிறோம். எய்ட்டன் வெய்வரை, அதாவது மற்ற அணிகள் அவர்மேல் உரிமை கோரக்கூடிய காலத்தை, தாண்ட 48 மணி நேரம் ஆகும். அதனால் அவர் பெயர் நாளைக்கு உறுதியாகாது, யாரும் அதற்காகப் பதற வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்தில் நான் தேடப்போவது வேறு ஒரு செய்தி: 60 லட்சத்துக்குள் ஒரு விங் ஆட்டக்காரர் லேக்கர்ஸுக்கு வருகிறார் என்று வந்தால், மிச்சப் பணம் எய்ட்டனுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள், மறுபடி படுத்துத் தூங்கலாம். முழு 1.41 கோடியும் ஒரே பெயருக்குப் போனது என்று வந்தால், அண்ணனுக்குத்தான் முதல் போன்.